பத்துக்கும் பத்தேகாலுக்கும் நடுவில்

கிட்ட வாங்க. இன்னும் கொஞ்சம் நகர்ந்து, முட்டியோடு முட்டி இடிக்கிற மாதிரி உட்காருங்க. இது உரக்கச் சொல்கிற கதை இல்லை. இது நடக்கிற இடத்தில் ஒரு ஊசி விழுந்தாலும் நாலு கதவு திறந்து, யார் போட்டது என்று எட்டிப் பார்ப்பார்கள். ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகம். மூன்றாவது மாடியில் நீளமான நடை, இரண்டு பக்கமும் சாத்தின கதவுகள். கடைசிக் கதவுக்கு எதிரே ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்திருக்கிறவள் தென்காசிக்குப் பக்கத்தில் இலஞ்சியிலிருந்து போன செண்பகவடிவு. இருபத்தஞ்சு வயசு. ஜெர்மன் மொழியும் அந்த ஜனங்களுடைய பண்பாடும்தான் அவள் எடுத்திருக்கிற படிப்பு. எதிர்த்த சர்ச்சில் மணி பத்து அடித்து இப்போதுதான் ஓய்கிறது. பத்தேகாலுக்கு அந்தக் கதவு திறக்கும், உள்ளே வாய்ப் பரீட்சை. ஏற்கெனவே இரண்டு தடவை தோற்று எழுந்து வந்தாயிற்று, இது மூன்றாவது. நாலாவது தடவை என்பது அங்கே சட்டத்திலேயே கிடையாது. இதிலும் போனால் அந்த நாட்டில் எந்தப் பல்கலைக்கழகத்திலும் இந்தப் படிப்பை அவள் தொட முடியாது. விசா போகும், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

காடு என்பது மரங்கள் நிற்கிற இடம் மட்டும் இல்லை. இது முதல் வாக்கியம், இருக்கிறது, பத்திரமாக இருக்கிறது. ஜெர்மன்காரர்களும் அவர்களுடைய காடும், அதுதான் பரீட்சைக்குத் தலைப்பு. இரண்டாவதும் இருக்கிறது, அது பயம் ஒளிந்திருக்கிற இடம், பயந்தவர்கள் ஒளிந்துகொள்கிற இடமும் அதுதான். மூன்றாவது? மூன்றாவது எங்கே போச்சு, இப்போதுதானே இருந்தது, படிக்கட்டு ஏறும்போது நாக்கு நுனியில் இருந்ததே. சரி, பதறாதே, மறுபடி முதலில் இருந்து வா, காடு என்பது மரங்கள் நிற்கிற இடம் மட்டும் இல்லை. சுவரோரம் வெந்நீர்க் குழாய் டிக் டிக் என்று சூடேறுகிறது. யாரோ ஈர பூட்ஸோடு கீழே நடக்கிறார்கள், பனித்தண்ணி கீச்சென்கிறது. வயிறு குர்ரென்றது, ஐயோ, கதவுக்குள்ளே கேட்டிருக்குமோ. பத்து என்று தாளில் போட்டுப் பக்கத்தில் இரண்டு சின்ன எழுத்துப் போட்டிருந்தால் அதற்குப் பத்தேகால் என்று அர்த்தமாம். அந்தக் காலத்தில் பையன்கள் கையில் கடிகாரம் கிடையாதாம், சர்ச் மணியைக் கேட்ட பிறகு அறையை விட்டுக் கிளம்பி நடந்து வரக் கால் மணி நேரமாம். பாதிப் பேர் இந்த வழக்கத்தை விட்டுவிட்டார்கள், ப்ரொஃபசர் ஹார்ட்விக் அம்மா மட்டும் விடவில்லை. முதல் தடவை செண்பகவடிவு பத்து மணி அடிக்கிறபோதே தட்டிவிட்டாள். கதவு ஒரு சாண் திறந்தது, வெட்டிவிட்ட வெள்ளை முடி, கண்ணாடி, "இன்னும் நேரம் இருக்கிறதே," அவ்வளவுதான், மறுபடி சாத்திக்கொண்டது. கோபமா? கோபம் இல்லையா? அந்த முகத்தில் என்னத்தைக் கண்டோம். நம்ம ஊரில் ஒரு வாத்தியாருக்குக் கோபம் என்றால் தெருமுனையிலேயே தெரியும். இந்த அம்மா முகம் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி. அந்தக் கால் மணி நேரமும் இதே நாற்காலியில் உட்கார்ந்து, போச்சு, கோபப்படுத்திவிட்டேன், போச்சு என்றே நினைத்தாள், பத்தேகாலுக்கு உள்ளே போகிறபோது பாதி உயிர் வெளியே கிடந்தது. காடு என்பது. காடு என்பது மரங்கள்.

உள்ளே போனால் ஒரு மேஜை, அந்தப் பக்கம் ப்ரொஃபசர் அம்மா, ஓரத்தில் டாக்டர் லிண்ட்னர் என்கிற நெட்டை மனுஷன், பேசுகிறதை எல்லாம் குறிப்பு எடுக்கிறவர். "சொல்லுங்கள்," என்றார்கள். சொன்னாள். மூன்று வாக்கியம் சொன்னாள், சரியாகத்தான் சொன்னாள், சொல்லிவிட்டு அந்த அம்மா முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. ஒரு தலையாட்டு இல்லை, ஒரு புருவம் இல்லை, சுவரில் மாட்டின படம் கூட இதைவிட அசையும். நிறுத்தினாள். அவர்களும் காத்திருந்தார்கள், இவளும் காத்திருந்தாள், வெந்நீர்க் குழாய் மட்டும் டிக் டிக். அடுத்த கேள்வி. அதற்கும் மூன்று வாக்கியம், அதற்கும் அதே கவிழ்த்த பாத்திரம். அரை மணி நேரப் பரீட்சை பதினோரு நிமிஷத்தில் முடிந்தது. மார்க் அஞ்சு. அங்கே ஒன்றுதான் உசத்தி, அஞ்சு என்றால் தோற்றுப்போனது. அன்றைக்கு ஊரிலிருந்து பஸ் கண்டக்டர் அப்பா போன் பண்ணி எவ்வளவு வாங்கினே தாயி என்று கேட்டபோது, பொய் சொல்ல வாய் வராமல் அஞ்சுப்பா என்றாள். அப்பா உடனே, "அஞ்சுக்கு அஞ்சா! எம்மவளா கொக்கா!" என்றார். தென்காசி டெப்போவில் அத்தனை கண்டக்டர் டிரைவருக்கும் லட்டு கொடுத்தாராம், டைம்கீப்பருக்கு இரண்டாம். அதைத் திருத்த இவளால் முடியவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம், எட்டு மாசம் ஆச்சு, அந்த லட்டு இன்னும் தொண்டையில் நிற்கிறது.

இரண்டாவது தடவை முப்பத்திரண்டு பக்கம் மனப்பாடம். குளியலறைக் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள், டிராமில் உதடு மட்டும் அசைத்துச் சொன்னாள், எதிரே உட்கார்ந்த கிழவர் இது ஜெபம் பண்ணுகிறது என்று நினைத்து மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினார். போய் உட்கார்ந்து மடமடவென்று ஆரம்பித்தாள். முதல் மூச்சு முடிந்தது. முகத்தைப் பார்த்தாள். பார்க்கக் கூடாது என்று சத்தியம் பண்ணிக்கொண்டு போனவள், பார்த்துவிட்டாள். அசையவில்லை. தப்பாகச் சொல்லிவிட்டோம், அதனால்தான் சும்மா இருக்கிறார்கள். வேறு என்ன காரணம் இருக்க முடியும்? உடனே, "மன்னியுங்கள், அது அப்படி இல்லை, அதற்கு நேர் எதிர்," என்றாள். அப்போது மட்டும் அந்தப் புருவம் ஒரு நூல் மேலே போனது. ஆஹா, இதுதான் சரி போல என்று அடுத்ததையும் திருப்பிப் போட்டாள். சொன்னதை எல்லாம் தானே அழித்துக்கொண்டு வந்தாள். அழித்து அழித்து மேஜை சுத்தம். தான் சொன்ன சரியான பதில்களைத் தானே வாபஸ் வாங்குகிறார் என்று தாளில் எழுதிக் கையில் கொடுத்தார்கள். சரியான பதில்கள்! அந்த வார்த்தையைப் படித்துவிட்டு இந்த மாடிப்படியில்தான் உட்கார்ந்தாள், நாற்பத்தொரு படி, எண்ணியிருக்கிறாள், பதினெட்டாவது படியில் உட்கார்ந்து அழுதாள். அழுகிறதுக்குக் கூடச் சத்தம் போட முடியாத கட்டடம்.

இப்போது எழுந்து போய்விட்டால் என்ன. நாற்பத்தொரு படி, கண்ணாடிக் கதவு, டிராம். தோற்றுப்போனாள் என்பதைவிட வரவே இல்லை என்பது கொஞ்சம் கௌரவம்தானே. வரவில்லை என்றாலும் தோற்றது மாதிரிதான், அதே அஞ்சுதான், ஆனால் அந்த முகத்தைப் பார்க்காமல் தோற்கலாம். எழுந்திரு. கால் எழவில்லை. எங்கே போவாய்? இலஞ்சிக்குத்தான். பஸ்ஸை விட்டு இறங்கினதும் பக்கத்து வீட்டு ஆவுடைத்தங்கம் அத்தை கையில் வாளியோடு நிற்பாள். "என்னட்டி, இங்க இருக்கும்போது வாய் வாய்க்கால் நீளம் இருந்துச்சு? ஜெர்மன்காரன் கொண்டு போய் தச்சுப்புட்டானாக்கும்?" என்பாள். வாய்தான். பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பேரே லவுட் ஸ்பீக்கர். எம்மவ ஏறுனா வண்டிக்கு ஹாரன் வேண்டாம்யா என்று டிரைவரிடம் அப்பா சொல்லுவார். சென்னைக் கல்லூரியில் இரண்டாம் மொழிக்கு பிரெஞ்சு வரிசை நீளமாக இருந்தது, இந்தப் பக்கம் வரிசையே இல்லை, அப்படித்தான் ஜெர்மனுக்குள் விழுந்தாள். விழுந்தவளுக்கு ஒரு வாரத்தில் பித்துப் பிடித்தது. வார்த்தைகள் ரயில்பெட்டி மாதிரி ஒன்றோடு ஒன்று கோர்த்துக்கொண்டு போகும், எங்கேயாவது கடைசியில் வினைச்சொல் வந்து உட்காரும், நம்ம ஊர்ப் பேச்சு மாதிரியே. பக்கத்து வீட்டுக்குப் போவது போல அந்த மொழிக்குப் போனாள். இப்போது அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறாள், கதவு சாத்தியிருக்கிறது. காடு என்பது மரங்கள். குற்றால மலையில் காடு என்றால் சாரல், குரங்கு, அட்டை, வழி தப்பினால் தப்பினதுதான். இங்கே காட்டில் பாதைக்கு நம்பர் போட்டிருக்கிறது, நூறடிக்கு ஒரு பெஞ்சு, நாய்க்குக் கூடத் தெரியும் எங்கே திரும்ப வேண்டும் என்று. அப்படி இருந்தும் இவர்கள் கதையில் எல்லாரும் காட்டில்தான் தொலைகிறார்கள். அட, இது நல்லா இருக்கே, இதைச் சொல்லலாமே. யாரிடம் சொல்ல? அந்தப் பாத்திரத்திடமா? வேண்டாம். மூன்றாவது வாக்கியம் என்ன. ஐயோ மூன்றாவது.

பையில் போன் உதறியது. அப்பா. அங்கே மத்தியானம் இரண்டரை, ட்யூட்டி மாறுகிற நேரம். எடுக்கக் கூடாது, இந்த நடையில் பேசக் கூடாது. எடுக்காவிட்டால் திருப்பித் திருப்பி அடிப்பார். கையைக் குவித்து வாயோடு ஒட்டிக்கொண்டு, "அப்பா," என்றாள், மூச்சால்.

"ஏ தாயி, சாப்ட்டியா? இன்னைக்கு ஏதோ பரிச்சைன்னியே. இந்தத் தடவையும் அந்த அஞ்சு வாங்கிருவேல்லா?"

"ம்."

"அது கெடக்கு, ஒரு கூத்தக் கேளு. ஆய்க்குடி ஸ்டாப்புல ஒரு பெரியவரு ஏறுதாரு, கையில ஒரு சேவல்."

"ம்."

"கோழிக்கு டிக்கெட் எடும்யாங்கேன். கோழிக்கு எதுக்குய்யாங்காரு. அது சீட்டுல உக்காந்து வருதுல்லாங்கேன்."

"ம்."

"உக்காரல, அது வேண்டுதல் சேவல், விரதத்துல நின்னுக்கிட்டுத்தான் வருதுங்காரு. வண்டியே சிரிக்கி. அப்பம் நான் என்ன சொன்னேன்னா..."

அப்போது லிஃப்ட் திறந்தது. நெட்டையாக டாக்டர் லிண்ட்னர், கையில் கோப்பு, நீளக் காலை எட்டி எட்டி வைத்து வந்தார். செண்பகவடிவு வாயை இறுக மூடிக்கொண்டாள். அவர் லேசாகத் தலை குனிந்து வணக்கம் போல ஒன்று செய்துவிட்டு, கதவைத் திறந்து, உள்ளே போய், சத்தமில்லாமல் சாத்தினார். அவ்வளவு நேரமும் காதோரம் அப்பா கிடந்து அல்லாடிக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னேன்னா... ஹலோ? ஹலோ? செம்பகம்? தாயி, லைன்ல இருக்கியா? ஹலோ... ஏ பிள்ள, நான் எதுவும் தப்பா சொல்லிட்டனா?"

"இருக்கேம்ப்பா. சொல்லுங்க."

"என்னத்தச் சொல்ல. ஒரு உம் போடக் கூடாதா? செவுத்துக்கிட்டயா பேசிக்கிட்டுக் கெடக்கேன்? போச்சு, நல்லா ஒண்ணு சொன்னேன் அந்தாள்ட்ட, என்ன சொன்னேன்னே மறந்து போச்சு. சரி வையி, டீ ஆறுது."

வைத்துவிட்டார். அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. நான் எதுவும் தப்பா சொல்லிட்டனா. முப்பது வருஷம் பஸ்ஸில் கத்தின மனுஷன், கலெக்டர் எதிரே நின்றாலும் வாய் குழறாத மனுஷன், பத்து விநாடி மகள் உம் கொட்டவில்லை என்றதும் மறந்து போச்சு. யாருக்குத்தான் மறக்காது? எழவு வீட்டில் ஒருத்தி செத்தவர் பெருமையைச் சொன்னால் பக்கத்தில் ஒருத்தி உம் கொட்டுவாள். பஸ்ஸில் முன்பின் தெரியாதவன் வழக்குக் கதையைச் சொன்னாலும் ஜன்னலோரத்து ஆள் வெளியே பார்த்தபடியே உம் கொட்டுவான். கொட்டவில்லை என்றால் தூங்கிவிட்டான், இல்லை என்றால் பிடிக்கவில்லை, அதோடு நிறுத்திவிட வேண்டும், அதுதான் மரியாதை. அந்த மரியாதையைத்தானே அவள் இரண்டு தடவையும் உள்ளே போய்ச் செய்தாள். ஜெர்மன் தெரியாமல் தோற்கவில்லை, காடு தெரியாமல் தோற்கவில்லை. ஒரு உம் இல்லாமல் ஒரு வருஷப் படிப்பு போயிருக்கிறது. சரி, தெரிந்தது, தெரிந்து என்ன பண்ண? வியாதிக்குப் பேர் தெரிந்துவிட்டால் காய்ச்சல் இறங்கிவிடுமா? இன்னும் நாலு நிமிஷத்தில் அதே மேஜை, அதே முகம். முகத்தைப் பார்க்காதே. போன தடவையும் அதைத்தான் சொல்லிக்கொண்டாய். பார்க்காவிட்டாலும் காது இருக்கிறதே, காதை எங்கே கொண்டு போய் வைப்பாய்? அந்த மௌனம் காது வழியாகத்தானே ஏறுகிறது, கிணற்றுக்குள் கல்லைப் போட்டுவிட்டு எவ்வளவு நேரமானாலும் விழுகிற சத்தம் கேட்காத மாதிரி. கேட்டுவிட்டால் என்ன, அவர்களிடமே. கேட்கலாமா? ஒரு ப்ரொஃபசரைப் பார்த்து, எனக்கு உம் கொட்டுங்கள் என்று? பைத்தியம் என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். எழுதட்டும். பைத்தியத்துக்கும் அதே அஞ்சுதானே. எழுந்து போ. போகாதே. காடு என்பது. சர்ச்சில் ஒற்றை மணி அடித்தது. பத்தேகால்.

கதவு திறந்தது. "ஃப்ராவ் சுடலைமுத்து, வாருங்கள்." அந்த ஊரில் ஃப்ராவ் என்று மரியாதை வைத்து, அப்பா பேரைத்தான் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு தடவையும், அப்பாவே காக்கிச் சட்டையோடு கூட வருகிற மாதிரி இருக்கும் அவளுக்கு. உட்கார்ந்தாள். "சொல்லுங்கள்," என்றார்கள். காட்டைப் பற்றி ஆரம்பிக்கவில்லை அவள்.

"ஒரு வேண்டுகோள். எங்கள் ஊரில் ஒருவர் பேசும்போது கேட்கிறவர் 'ம்' என்பார். அது இல்லாவிட்டால் பேசுகிறவர் நிறுத்திவிடுவார். நான் இரண்டு தடவை நிறுத்தினது அதனால்தான். நீங்கள் ஒரு 'ம்' சொல்ல முடியுமா?"

ப்ரொஃபசர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார்கள். கழற்றினால் கவிழ்த்த பாத்திரம் இல்லை, களைத்துப்போன ஒரு முகம்தான்.

"முடியாது," என்றார்கள். "பரீட்சை வைக்கிறவர் எந்த அடையாளமும் காட்டக் கூடாது. நான் தலையாட்டினால் சரி என்று எடுத்துக்கொள்வீர்கள், ஆட்டாவிட்டால் தப்பு என்று. முப்பது வருஷமாக யாருக்கும் நான் முகம் காட்டியதில்லை. உங்களுக்கு நான் செய்கிற நியாயம் அதுதான்."

"'ம்' என்றால் சரி என்று அர்த்தம் இல்லை. காது திறந்திருக்கிறது என்று மட்டும்தான்."

"புரிகிறது. நல்ல வழக்கம். ஆனாலும் முடியாது."

முடிந்தது. வேறு என்ன. அந்த மௌனம் மறுபடி மேஜை மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. காதுக்குள் ஙொய் என்று ஒரே சத்தம், அதைத் தாண்டி வெந்நீர்க் குழாய், அதைத் தாண்டி எங்கேயோ டிராம், அப்புறம் ஒன்றுமே இல்லை. ஓரத்தில் லிண்ட்னர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார், இந்த வேண்டுகோளையும் எழுதுகிறார் போல. நல்ல மைப்பேனா, கனமான நோட்டு, எறும்பு ஊர்கிற சத்தம் கூட இல்லை. அவள் அந்தப் பேனாவையே பார்த்தாள். அவள் சொன்னால் அது ஓடுகிறது, அவள் நின்றால் அது நிற்கிறது. வாயைத் திறந்தாள்.

"இவர் எழுதுகிறது மார்க்கில் சேருமா?"

"இல்லை. நடந்ததை எழுதுகிறார், அவ்வளவே."

"நான் சொல்வது தப்பானாலும் எழுதுவாரா?"

"தப்பானாலும் எழுதித்தான் ஆக வேண்டும்," என்றார் லிண்ட்னர்.

"எதைக் கொண்டு எழுத வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா?"

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். "எனக்குத் தெரிந்து இல்லை," என்றார்கள் ப்ரொஃபசர் அம்மா.

பையைத் திறந்தாள். வாய்ப் பரீட்சைக்கு எதற்கு ஒரு பென்சில் டப்பா? பரீட்சை என்றால் டப்பா இல்லாமல் நம்ம பிள்ளை வாசல் தாண்டாது, மூன்று தடவையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். தென்காசியில் வாங்கின பென்சில், கட்டையான கரி, தாளில் வைத்தால் கரகரவென்று அறுக்கும். அதை லிண்ட்னர் முன்னால் வைத்தாள். அவருடைய கனத்த நோட்டை மெல்ல ஒதுக்கி, வெறும் மேஜை மேல் ஒற்றைத் தாளைப் போட்டாள். "பிறகு மையில் பிரதி எடுத்துக்கொள்ள முடியுமா? எனக்காக." நெட்டை மனுஷன் ப்ரொஃபசரைப் பார்த்தார். அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். அவர் பென்சிலை எடுத்தார்.

செண்பகவடிவு நாற்காலியை அந்த அம்மா முகத்திலிருந்து ஒரு முழம் திருப்பி, காதைப் பென்சில் பக்கம் வைத்து உட்கார்ந்தாள். "காடு என்பது மரங்கள் நிற்கிற இடம் மட்டும் இல்லை," என்றாள். கர கர கர. "அது பயம் ஒளிந்திருக்கிற இடம்." கர கர. மூன்றாவது வாக்கியம் வரவில்லை, வராவிட்டால் போகிறது, "உங்கள் காட்டில் பாதைக்கு நம்பர் இருக்கிறது, பெஞ்சு இருக்கிறது, ஆனால் உங்கள் கதையில் எல்லாரும் அங்கேதான் தொலைகிறார்கள், ஏன் என்று நான் யோசித்தேன்," என்றாள். கர கர கர கர. மேலே போனாள், ஏழாவது வாக்கியம், எட்டாவது வாக்கியம், கை எல்லாம் பேசியது. லிண்ட்னருக்குப் பென்சில் பழக்கம் இல்லை, அவசரத்தில் அழுத்தினார், முனை பட்டென்று ஒடிந்தது. அறை முழுக்க மறுபடி அந்தச் சத்தம் கேட்காத கிணறு. ஆனால் வாய் நிற்கவில்லை. காட்டுக்குள் தொலைந்தவர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டே, வாக்கியத்தை அறுக்காமல், அவரையும் பார்க்காமல், இடது கையால் டப்பாவிலிருந்து இரண்டாவது பென்சிலை எடுத்து மேஜை மேல் அவர் பக்கம் உருட்டிவிட்டாள்.